எமிலின் இடது கை

சாரல் தொடங்கிவிட்டால் எனக்கு ஓய்வு கிடையாது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் பாசிப் பாறையில் வழுக்கி விழுவார்கள். விழுந்தவர்களை வில்வண்டியில் போட்டுத் தென்காசிக்கு என் டிஸ்பென்சரிக்குக் கொண்டுவருவார்கள். மணிக்கட்டு, கணுக்கால், முழங்கை, விலா எல்லாம் பார்த்திருக்கிறேன். எலும்பு முறிவுக்கு என்னைவிட நன்றாகக் கட்டுப் போடுகிறவர் இந்தத் தாலுகாவில் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் கவனக்குறைவு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எமில் ராட்னரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வீட்டு மச்சில், மாடி அறையில் குடியிருந்த வெள்ளைக்காரர். ஊரில் அவரை ‘பிடில் துரை’ என்பார்கள். போன மாதம் இறந்துபோனார். இதய நோய் என்று சான்றிதழில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

நான் சிறுவயதில் வயலின் கற்றவன். சுமாராக வராது, நன்றாகவே வரும். மேடை ஏற வேண்டும் என்று வீட்டில் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு, “பிள்ளமாரு வீட்டுல பொறந்துட்டு கச்சேரிக்குக் கூலி வாங்கப் போறியாலே? டாக்டருக்குப் படி” என்றார். படித்தேன். வயலினை விடவில்லை. ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் வாசிப்பதற்குப் பேர் வாசிப்பு அல்ல. கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரே இருக்க வேண்டும்.

எமில் 1941 சாரலில் வந்தார். ஒரு ஜமீன்தார் குற்றாலத்து பங்களாவில் சீசன் முழுவதும் வெள்ளைக்காரர்களுக்கு விருந்து கொடுப்பார். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் துரைமார்கள் மனைவிகளோடு இறங்கி வருவார்கள். அவர்கள் ஆடுவதற்காக பம்பாய் ஓட்டல் ஒன்றிலிருந்து ஜாஸ் பாண்டை வரவழைத்திருந்தார். பியானோ வாசிக்கிற பெரைரா கோவாக்காரர். டிரம் அடிக்கிறவர் மணிலாவிலிருந்து வந்தவர். எமிலுக்குச் சொந்த ஊர் பிராக். அங்கே ஒரு நாடக அரங்கின் ஆர்க்கெஸ்ட்ராவில் பல வருஷம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர். ஜெர்மானியர்கள் ஊருக்குள் வந்ததும், யூதர் என்று வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தாயை அங்கேயே விட்டுவிட்டு வயலின் பெட்டியோடு கப்பல் ஏறியிருக்கிறார். பம்பாயில் அவருடைய சங்கீதத்துக்கு வேலை இல்லை. டான்ஸ் பாண்டுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எழுதி வைத்ததை மட்டுமே வாசித்துப் பழகியவருக்கு, எழுதாததை வாசிக்கப் பெரைராதான் சொல்லிக்கொடுத்தார்.

“முதல் மாதம் அழுதேன். இரண்டாவது மாதம் கால் தானாகத் தாளம் போட்டது. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய என் பழைய கண்டக்டர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்” என்று எமில் என்னிடம் சொன்னார்.

ஜமீன்தாரின் தாயாருக்குச் சர்க்கரை வியாதி. அதற்காக நான் காலையில் பங்களாவுக்குப் போவேன். பாண்டுக்காரர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எமில் மட்டும் பின்பக்கத்து வராந்தாவில் தனியாக நின்று வாசிப்பார். டான்ஸ் மெட்டு அல்ல, அவருடைய ஊர்ச் சங்கீதம். முதல் தடவை கேட்டபோது ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் என் வயலினையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து சங்கராபரணம் வாசித்தேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாசித்து முடித்ததும், “இரண்டாவது சுரத்துக்கும் மூன்றாவது சுரத்துக்கும் நடுவில் எங்கே போனீர்கள்? இன்னொரு முறை போய்க் காட்டுங்கள்” என்றார்.

நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒருவர் என்னை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு தினமும் போனேன். ஜமீன்தாரின் தாயாருக்கு உடம்பு தேறிய பிறகும் போனேன். ஒருநாள் எமில் டிஸ்பென்சரிக்கே ஓடி வந்தார். பம்பாயில் புதிதாக ஓர் ஆர்க்கெஸ்ட்ரா அமைக்கிறார்களாம். அவரைப்போல் ஊர் விட்டு வந்தவர்கள் பலர் அதில் சேர்கிறார்கள். எமிலுக்கு முதல் நாற்காலி.

“பிராக்கில் எனக்கு முன்னால் ஒன்பது முதுகுகள் தெரியும், டாக்டர். இனி கண்டக்டர் மட்டும்தான்” என்றார். அந்த மாதக் கடைசியில் கிளம்புவதாகச் சொன்னார். நான் கையைப் பிடித்து வாழ்த்தினேன். மனப்பூர்வமாகத்தான் வாழ்த்தினேன்.

போகுமுன் ஐந்தருவியில் ஒரு குளியல் போட ஆசைப்பட்டார். கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டுத் திரும்புகையில் வழுக்கினார். இடது கையை ஊன்றி விழுந்தார். நான் தள்ளவில்லை. அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நாலு கஜம் தள்ளி நின்றேன். அதை மட்டும் நாச்சியாரும் நம்புகிறாள். நாச்சியார் என் மனைவி.

இடக்கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் முறிந்திருந்தன. நல்ல முறிவு என்று எங்கள் பாஷையில் சொல்வோம். எலும்பு விலகவில்லை, தோல் கிழியவில்லை. இதற்கு வைத்தியம் எளிது. சுருட்டிய துணியை உள்ளங்கையில் வைத்து, விரல்கள் அதைப் பிடித்திருப்பதுபோல் மடக்கிக் கட்ட வேண்டும். மூன்று வாரத்தில் அவிழ்த்துவிட்டு, வெந்நீரில் வைத்து மெல்ல அசைக்கச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வலிக்கும். இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

நான் விரல்களை நேராக நீட்டி, பலகை வைத்துக் கட்டினேன்.

எப்போது அப்படித் தீர்மானித்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியவில்லை. துணிச்சுருளைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதைக் கீழே வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. கம்பவுண்டர் சுடலைக்கண்ணு, “பலகையா எடுக்கணும், டாக்டரய்யா?” என்று கேட்டான். “ஆமா” என்றேன். எமில் வலியில் கண்ணை மூடிக்கொண்டு, “டாக்டர், நல்லவேளை நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்” என்றார்.

பம்பாய்க்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர்கள் நல்லவர்கள். சீசன் முடிந்து பாண்டு கிளம்பியபோது பெரைரா டிஸ்பென்சரிக்கு வந்து, “டாக்டர் சொல்கிறபடி கேள், எமில். அவசரப்பட்டுக் கட்டை அவிழ்க்காதே” என்று சொல்லிவிட்டுப் போனார். எமில் எங்கள் வீட்டு மச்சுக்குக் குடிவந்தார்.

அதே சமயத்தில் சுரண்டையிலிருந்து மாடத்தி என்று ஒரு பெண் வந்தாள். வண்டிச் சக்கரத்தில் சிக்கி அவளுக்கும் இரண்டு விரல் முறிந்திருந்தது. அவளுக்கு மடக்கித்தான் கட்டினேன். மூன்றாவது வாரம் அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு கூடை வெண்டைக்காய் கொண்டுவந்து நாச்சியாரிடம் கொடுத்து, விரலை மடக்கி நீட்டிக் காட்டிவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போது நாச்சியார் கேட்டாள்.

“மாடத்திக்கு அப்பமே அவுத்தாச்சு. மச்சுல இருக்கவுகளுக்கு மட்டும் ஏன் இன்னும் அவுக்காம இருக்கிய?”

“எல்லா முறிவும் ஒண்ணு இல்ல” என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. எமிலும் கேட்கவில்லை. அசைத்தால் மறுபடி முறியும் என்று சொல்லியிருந்தேன். தூங்கும்போதுகூடக் கையை மார்பில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டார். நான் சொன்னதை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த நோயாளி இன்னொருவர் இல்லை.

கட்டை அவிழ்த்தபோது ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. பம்பாயில் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாகிவிட்டது. எமில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு விரல்களும் நேராக, விறைப்பாக நின்றன. “எவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது” என்று என்னைப் பாராட்டினார். பிறகு வயலினை எடுத்து மோவாயில் வைத்து விரல்களைத் தந்தியில் பதித்தார். அந்த இரண்டும் தந்திக்கு இறங்கவில்லை. சற்று நேரம் முயன்றார். பெட்டியில் வைத்து மூடினார். கீழே இறங்கிப் போய் நாச்சியாரிடம், “ஆச்சி, காப்பி இருக்கா?” என்று கேட்டார். அதற்குள் அவ்வளவு தமிழ் கற்றுக்கொண்டிருந்தார்.

அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போக இடம் இல்லாததால் என்னோடு தங்கினார். மூன்று வருஷம். இதை நான் எப்படிச் சொன்னாலும் தவறாகத்தான் கேட்கும். அவை என் வாழ்க்கையின் நல்ல வருஷங்கள். காலையில் டிஸ்பென்சரிக்குப் போகுமுன்பும் சாயங்காலம் வந்த பிறகும் அவருக்கு எதிரே உட்கார்ந்து வாசிப்பேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வலது கையால் காட்டினார், வாயால் பாடினார். எனக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய வயலினையே என் கையில் கொடுத்தார். “இது சும்மா இருந்தால் செத்துவிடும், நீங்கள் வாசியுங்கள்” என்றார். திருநெல்வேலியில் என் கச்சேரி ஒன்றுகூட நடந்தது. முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் பம்பாய்க்குப் போயிருந்தால் இதெல்லாம் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

மனசாட்சி இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சட்டைப் பொத்தான் போடுவதை என்னால் பார்க்க முடிந்ததில்லை. தையற்காரரிடம் சொல்லி அவருக்குப் பொத்தான் இல்லாத ஜிப்பாவாகவே தைத்துக் கொடுத்தேன். விரல் முறிந்து வருகிறவர்களை அதன்பிறகு நான் தொடவில்லை. எல்லோரையும் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டேன். எமில் தினமும் காலையில் ஒரு செம்பு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அந்த விரல்களை மடக்கப் பார்ப்பார். மூன்று வருஷத்துக்கு அப்புறமும் பார்த்தார். வெந்நீர் போட்டுக் கொடுப்பது நாச்சியார். செம்பின் சத்தம் கேட்டால் நான் வாசலுக்குப் போய்விடுவேன்.

போன வருஷச் சாரலில் பெரைரா மறுபடியும் வந்தார். காயம்பட்ட ராணுவ அதிகாரிகள் ஓய்வுக்குக் குற்றாலம் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வாசிக்க வந்திருந்தது பாண்டு. அங்கே விடுமுறைக்கு வந்திருந்த ஒரு ராணுவ சர்ஜனிடம் பெரைரா எமிலை அழைத்துக்கொண்டு போய்க் கையைக் காட்டியிருக்கிறார். சர்ஜன் என்னைப் பார்க்க டிஸ்பென்சரிக்கே வந்தார். மரியாதையான மனிதர்.

“இதை யார் கட்டினாரோ, ரொம்ப நாள் விட்டுவிட்டார்” என்றார். “பரவாயில்லை. மதராஸில் ஆபரேஷன் செய்து விறைப்பை எடுத்துவிடலாம். முழுக்க இல்லாவிட்டாலும் வாசிக்கிற அளவுக்கு வரும். நானே செய்கிறேன்.”

எமிலுக்கு இதயம் பலவீனம், குளோரோபாரம் தாங்க மாட்டார் என்றேன். ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டர் சந்தேகிப்பதில்லை. அவர் வருத்தப்பட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

எமிலிடம் நானேதான் சொன்னேன். மச்சுப்படியில் உட்கார்ந்து கேட்டார். “இதயமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்றார். இப்படித்தான் தெரியாமல் இருக்கும் என்றேன். எழுந்து வந்து, “என்னிடம் இத்தனை நாள் மறைத்து வைத்துச் சுமந்திருக்கிறீர்கள்” என்று சொல்லி என் தோளைத் தட்டினார்.

இதயம் பலவீனம் என்றால் மருந்து கொடுக்க வேண்டும் அல்லவா? முதலில் கலர் தண்ணீர்தான் கொடுத்தேன். ஆனால் அவர் நன்றாகவே இருந்தார். மருந்து வேலை செய்கிறது, உடம்பு தேறிவிட்டது, மதராஸுக்குப் போய் சர்ஜனைப் பார்க்கலாமா என்று கேட்க ஆரம்பித்தார். கார்த்திகையில் ஒருநாள் ரயில் எத்தனை மணிக்கு என்றுகூட விசாரித்து வந்துவிட்டார். அதன்பிறகு டிஜிடாலிஸ் கொடுத்தேன். இதய நோய்க்கு உண்மையான மருந்து அது. அளவு மிஞ்சினால் குமட்டும், நாடி குறையும், ஆள் சோர்ந்து படுத்துவிடுவார். பயணம் பற்றிப் பேச்சு வராது. தேறி எழுந்து மறுபடி பேசினால் சில சொட்டு கூட்டுவேன். நானே என் கையால் ஊற்றிக் கொடுப்பேன், கம்பவுண்டரை விடமாட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு காலையில் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, “டாக்டர், இன்றைக்கு மலையெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. அழகாக இருக்கிறது” என்றார். அது டிஜிடாலிஸ் அளவு மிஞ்சியதன் அறிகுறி என்று எங்கள் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அன்றே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். நிறுத்தினால் எழுந்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். பெரைரா மாசியில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்.

பெரைரா வந்தபோது எமில் இல்லை. கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், பாதிரியார் இரக்கப்பட்டுக் கொடுத்த இடத்தில் இருந்தார். பெரைரா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அவனுக்கு இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்” என்று அழுதார். நாச்சியார் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரைரா போனதும் வந்தாள். நின்றபடியே பேசினாள்.

“அவுக மெட்ராசுக்குப் போறேன்னு சொல்லுத அன்னிக்கெல்லாம் ராத்திரி வாந்தி எடுத்தாக. நான்தான் அள்ளிக் கொட்டுனேன். எனக்குத் தெரியாதா?”

“அது நோயோட குணம், நாச்சியா.”

“மாடத்தி விரல் மடங்குது. அவுக விரல் மடங்கல. அதுவும் நோயா?”

நான் வாசலுக்குப் போனேன். அங்கேயும் பின்னால் வந்தாள்.

“நீங்களா போய்ச் சொல்லுதியளா, நான் போகட்டுமா?” என்றாள்.

ஆகவே யாரும் வற்புறுத்தவில்லை என்று நான் முதலில் சொன்னதை அடித்துவிடுங்கள். அவள் இப்போது அவளுடைய அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். எழுதுங்கள். எமில் ராட்னரின் கையை நான் வேண்டுமென்றே முடமாக்கினேன். அது சரியாகிவிடாமல் இருக்கப் பொய் சொன்னேன். அந்தப் பொய் வெளிப்படாமல் இருக்க அவருக்கு மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துக் கொன்றேன். அவரைக் கொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தேவைப்படாது என்று தெரியும்.

கடைசி நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வழக்குக்குத் தேவையில்லை. மத்தியானம், நல்ல வெயில். நாடி விட்டு விட்டு அடித்தது. அவருடைய வயலினை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பங்களா வராந்தாவில் அவர் காலையில் வாசிக்கிற அதே மெட்டை வாசித்தேன். அவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிக நன்றாக வருவது அதுதான். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். இடது கையை மெல்லப் போர்வையிலிருந்து எடுத்து உயர்த்தினார். விரல் விறைத்த அந்தக் கை காற்றில் அப்படியே நின்றது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அப்படி என்னைப் பாராட்டி நான் பார்த்ததில்லை. ஆகவே முதலிலிருந்து மறுபடியும் வாசித்தேன். கை விழுந்த பிறகும் வாசித்தேன்.

வாசலில் நின்ற நாச்சியார், அவர் போதும் நிறுத்து என்று கையைக் காட்டினார் என்கிறாள். பாவம், அவளுக்குச் சங்கீதம் தெரியாது.